மத்தேயு 17:21 எங்கே போயிற்று?

சகோதரி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மேலே தெரிவது இது: வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மத்தேயு 17ஆம் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசித்துக்கொண்டு வந்தீர்கள். புதிய மொழிபெயர்ப்பு வைத்திருந்த ஒரு தங்கை 20ஐ முடித்ததும் அடுத்தவருக்கு 22தான் இருக்கிறது என்றார். "இந்த ஜாதிப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி மற்றெவ்விதத்தினாலும் புறப்பட்டுப்போகாது" என்ற 21ஆம் வசனம் அவர் புத்தகத்தில் இல்லை. அது கள்ள வேதாகமம் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். வசனத்தை யார் எடுத்தார்கள், எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். இன்னொரு கேள்வியைக் கடைசி வரியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள்: இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதானே இத்தனை வருடம் உபவாசித்தோம், அது இல்லையென்றால் எல்லாம் வீணா? இரண்டாவதுதான் பெரிய கேள்வி. ஆனால் முதலாவதைச் சரியாகத் தீர்க்காமல் இதற்குப் பதில் சொன்னால் அது வெறும் ஆறுதல் வார்த்தையாகிவிடும். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வசன எண்களைப் பார்ப்போம். மத்தேயு எழுதியபோது அதிகாரமும் இல்லை, வசன எண்ணும் இல்லை. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களை 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டார். அவர் எண் போட்டது தம் முன்னால் இருந்த கிரேக்க அச்சுப் பதிப்புக்கு. அந்தப் பதிப்பின் வேர், 1516இல் பாசெல் நகரில் எராஸ்மஸ் என்ற அறிஞர் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாடு. எராஸ்மஸின் கைக்கு எட்டிய கையெழுத்துப் பிரதிகள் மிகச் சில; அவையும் பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்தவை. அந்தப் பிரதிகளில் இந்த வரி இருந்தது, அதனால் அதற்கு 21 என்ற எண் கிடைத்தது. பிறகு வந்த 300 ஆண்டுகளில் எட்டு, ஒன்பது நூற்றாண்டு பழைமை கூடிய பிரதிகள் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றில் சிலவற்றில் இந்த வரி இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் வரியை அடிக்குறிப்புக்கு இறக்கினார்கள், சிலர் அடைப்புக்குறிக்குள் வைத்தார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். எண்ணை மட்டும் யாரும் நிரப்பவில்லை. நிரப்பினால் உலகத்திலுள்ள எல்லா ஒத்துவாக்கிய நூல்களும் (சொல்லை வைத்து வசனம் தேடும் அகராதிகள்) மனப்பாட வசனங்களும் குழம்பிப்போகும். திருட்டுத்தனமாக எடுக்க நினைக்கிறவன் 22ஐ 21 என்று மாற்றியிருப்பான். எண் தாவுகிறதே, அதுவே "இங்கே ஒரு கேள்வி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாசகருக்குப் போட்டுவைத்த அடையாளம்.

நம் தமிழ் வேதாகமத்துக்கு இது எப்படி வந்தது? சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. அதற்குப் பின் பப்ரிசியுஸ் வந்தார். அவருக்குப் பின் பவர் ஐயர் தலைமையிலான குழு 1871இல் முடித்த மொழிபெயர்ப்புதான் இன்றும் சபைகளில் நாம் கையில் வைத்திருக்கும் 'பழைய மொழிபெயர்ப்பு'. இவர்கள் எல்லாரும் நின்றது அந்தக் கிரேக்க அச்சுப் பதிப்பின் வழியில்தான். 4ஆம் நூற்றாண்டுச் சினாய்ப் பிரதி உலகத்துக்கு அச்சில் கிடைத்ததே 1862இல். அதே நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் பிரதியையும் அதையும் எடைபோட்டு இங்கிலாந்தில் முழுமையான பதிப்பு வந்தது 1881இல். ஆகவே பவர் குழுவினர் எதையும் சேர்க்கவில்லை, பிந்தியவர்கள் எதையும் களவாடவில்லை. இரு சாராரும் தங்கள் கையில் இருந்ததற்கு உண்மையாக இருந்தார்கள்.

இனி 21ஆம் வசனத்துக்கான சான்று. சினாய்ப் பிரதியை முதலில் எழுதியவர் கையில் இந்த வரி இல்லை. பின்னால் ஒரு திருத்துபவர் சேர்த்திருக்கிறார். வத்திக்கான் பிரதியில் இல்லை. பழைய சீரியாக் மொழிபெயர்ப்பிலும், எகிப்தின் பழைய சாகிதிய மொழிபெயர்ப்பிலும் இல்லை. மறுபக்கம், 5ஆம் நூற்றாண்டுப் பிரதிகள் சிலவற்றிலும், பெரும்பாலான லத்தீன் பிரதிகளிலும், பிற்காலக் கிரேக்கப் பிரதிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற வேத அறிஞர் மத்தேயுவுக்கு எழுதிய விளக்கத்தில் இந்த வரியை எடுத்துப் பேசுகிறார். அதாவது இது நேற்று முளைத்த வரி அன்று, மிகப் பழையது. அப்படியிருந்தும் ஆய்வாளர்கள் இதை மத்தேயு எழுதியதாக ஏன் எடுத்துக்கொள்வதில்லை? இதே சம்பவம் மாற்கு 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே 29ஆம் வசனம் ஏறக்குறைய இதே வாக்கியம். மாற்குவை நன்றாக அறிந்த ஒருவர் மத்தேயுவைப் பிரதி எடுக்கும்போது ஓரத்தில் குறித்துவைப்பதும், அடுத்துப் பிரதி எடுத்தவர் அதை விடுபட்ட வரி என்று எண்ணி உள்ளே எழுதுவதும் மிக இயல்பாக நடக்கும். இருந்த வரியை இத்தனை வெவ்வேறு இடங்களில் எடுத்துவிட எவருக்கும் காரணம் இல்லை. எனவே மத்தேயு 17:21 மாற்குவிலிருந்து வந்தது என்பதை ஏறக்குறைய உறுதி என்று சொல்லலாம்.

ஆனால் இங்கே நிறுத்திவிட்டு "பரவாயில்லை, மாற்குவில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் கொடுத்தவனாவேன். மாற்கு 9:29இல் வசனம் எல்லாப் பிரதிகளிலும் உண்டு. ஆனால் அதிலுள்ள 'உபவாசம்' என்ற சொல் சினாய்ப் பிரதியின் முதல் கையிலும் வத்திக்கான் பிரதியிலும் இல்லை. அங்கே "ஜெபத்தினாலேயன்றி" என்பதோடு வாக்கியம் முடிகிறது. 3ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) பிரதி ஒன்றில், ஏடு சிதைந்திருந்தாலும், உபவாசம் என்ற சொல்லும் இருந்ததாகவே தெரிகிறது. மற்றப் பிரதிகள் மிகப் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. நான் இந்த இடத்தில் அடித்துப் பேசமாட்டேன். சந்தேகம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு: நம் பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 7:5 "உபவாசத்திற்கும் ஜெபத்திற்கும்" என்கிறது, பழைய பிரதிகளில் ஜெபம் மட்டும். அப்போஸ்தலர் 10:30இல் கொர்நேலியு உபவாசித்ததாக இருக்கிறது, பழைய பிரதிகளில் அவர் ஜெபித்தார் என்று மட்டும். ஜெபம் வருகிற இடத்தில் உபவாசமும் ஒட்டிக்கொள்வது நான்கு இடங்களில் நடக்கிறது என்றால், உபவாசத்தை மிகவும் மதித்த சபையில், குறிப்பாகத் துறவியர் நடுவில், பிரதி எடுத்த கைகளுக்கு அந்த இணைப்பு பழக்கமாகியிருந்தது என்றே தோன்றுகிறது. இது வலுவான ஊகம். நிரூபணம் என்று சொல்லமுடியாது.

இதேபோல் எண் தாவும் மற்ற இடங்களையும் தெரிந்துகொண்டால் குழுவில் அடுத்த முறை யாரும் திடுக்கிட மாட்டார்கள். மத்தேயு 18:11 லூக்கா 19:10இல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மத்தேயு 23:14ஐ மாற்கு 12:40இல் காணலாம். மாற்கு 9:44, 46 இரண்டும் 48ஆம் வசனமே திரும்ப வருவது. மாற்கு 15:28 சொல்வது லூக்கா 22:37இல் உண்டு. லூக்கா 17:36க்கு மத்தேயு 24:40, லூக்கா 23:17க்கு மாற்கு 15:6, ரோமர் 16:24க்கு அதே அதிகாரத்தின் 20ஆம் வசனம். மாற்கு 11:26க்கு மத்தேயு 6:15ஐப் பாருங்கள். இந்த ஒன்றில் மட்டும் எதிர்ப்பக்கமும் யோசிக்க இடமுண்டு. கிரேக்கத்தில் 25ஆம் வசனமும் 26ஆம் வசனமும் ஒரே சொற்களில் முடிகின்றன. பிரதி எடுப்பவர் கண் முதல் முடிவிலிருந்து இரண்டாவதற்குத் தாவினால் ஒரு வரி தொலைந்துபோகும். அப்படித் தாவிய பிழைகள் பிரதிகளில் நிறையவே இருக்கின்றன. ஆனாலும் இங்கே பெரும்பாலோர் அதைச் சேர்க்கை என்றே முடிவுசெய்கிறார்கள்.

யோவான் 5:4, பெதஸ்தா குளத்துத் தூதன், வேறு வகை. 7ஆம் வசனத்தில் நோயாளி "தண்ணீர் கலக்கப்படும்போது" என்கிறான். கேட்பவருக்கு ஏன் கலங்கும் என்று புரியாது. அதற்கான விளக்கம்தான் 4ஆம் வசனம். ஆதி சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஏறக்குறைய கி.பி. 200இலேயே இந்தத் தூதனைப் பற்றிப் பேசுகிறார்; ஆனாலும் மிகப் பழைய பாப்பிரஸ் ஏடுகளில் வசனம் இல்லை. அப்போஸ்தலர் 8:37, எத்தியோப்பிய மந்திரியின் விசுவாச அறிக்கை, இன்னும் சுவையானது. பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, ஆனால் சுமார் 180இல் இரேனேயு என்ற ஆதி சபைப் பிதா அந்த அறிக்கையை எடுத்துக்காட்டுகிறார். ஞானஸ்நானத்துக்கு முன் "இயேசு கிறிஸ்து தேவனுடைய குமாரன் என்று விசுவாசிக்கிறேன்" என்று சொல்லவைக்கும் ஆதி சபை வழக்கத்தின் எதிரொலியை அங்கே கேட்கிறோம் என்று பலர் கருதுகிறார்கள். லூக்கா எழுதியதாக இல்லாவிட்டாலும், அந்த வரி நம் மூதாதையரான விசுவாசிகள் தண்ணீருக்குள் இறங்குமுன் சொன்னது. எனக்கு அது அருமையான வரிதான்.

உங்கள் குழுவில் அடுத்து எழப்போகும் பெயர் 1 யோவான் 5:7. "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்ற வரிகளைப் பற்றி ஐயமே இல்லை. அவை யோவான் எழுதியவை அல்ல. 5,000க்கு மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இந்த நிருபமும் உள்ளவை பல நூறு. அவற்றில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றில், அதுவும் மிகப் பிந்தியவற்றில், சிலவற்றின் ஓரத்தில் மட்டும் இது காணப்படுகிறது. லத்தீன் உலகில் 4ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தெளிவாகத் தலைகாட்டுகிறது. எராஸ்மஸின் 1516, 1519 பதிப்புகளில் இல்லை. 1522 பதிப்பில் சேர்த்தார். ஒரு கிரேக்கப் பிரதி காட்டினால் சேர்ப்பேன் என்று அவர் சவால் விட்டுத் தோற்றதாகப் பிரசங்கங்களில் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை, தயவுசெய்து அதைத் திரும்பச் சொல்லாதீர்கள். நினைவில் வைக்கவேண்டியது இதுதான்: 325இல் நிக்கேயாவிலும் 381இல் கொன்ஸ்தாந்தினோப்பிளிலும் திரித்துவத்தை அறிக்கையிட்ட கிரேக்கப் பிதாக்கள் குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியஸின் கூட்டத்தோடு ஆண்டுக்கணக்கில் வாதாடியபோது இந்த வசனத்தை எடுக்கவே இல்லை. அவர்கள் வேதாகமத்தில் அது இருந்திருந்தால் முதலில் எடுத்திருப்பார்கள். அவர்கள் நின்றது யோவான் 1:1இலும், மத்தேயு 28:19இலும், அவற்றைப் போன்ற பல வசனங்களிலும். நாமும் அங்கேயே நிற்கலாம்.

இரண்டு நீளமான பகுதிகள் உண்டு. மாற்கு 16:9-20 சினாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை. புத்தகம் 8ஆம் வசனத்தோடு முடிகிறது. எனினும் சுமார் 180இல் இரேனேயு 19ஆம் வசனத்தை மாற்குவின் முடிவில் உள்ளது என்றே எடுத்துக்காட்டுகிறார். மற்றக் கிரேக்கப் பிரதிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. மாற்கு 8ஆம் வசனத்தில் வேண்டுமென்றே நிறுத்தினாரா, கடைசி ஏடு கிழிந்து போயிற்றா என்பது இன்று கையிலுள்ள சான்றுகளை வைத்து யாராலும் தீர்க்கமுடியாத கேள்வி. நடைமுறைக்கு ஒன்று சொல்வேன்: உயிர்த்தெழுதலும் உலகமெங்கும் போகும் கட்டளையும் மற்றச் சுவிசேஷங்களில் உறுதியாக உள்ளன, ஆனால் பாம்புகளை எடுப்பார்கள், சாவுக்கேதுவானதைக் குடித்தாலும் சேதப்படுத்தாது என்ற 18ஆம் வசனத்தைச் செயலில் காட்ட யாரும் துணியக்கூடாது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிச் சபைகள் சிலவற்றில் இந்த வசனத்தை நம்பிப் பாம்பைக் கையில் எடுத்துப் பலர் இறந்திருக்கிறார்கள்.

யோவான் 7:53 முதல் 8:11 வரையுள்ள விபசார ஸ்திரீயின் பகுதி மிகப் பழைய பிரதிகளில் இல்லை. சில பிரதிகளில் யோவானின் கடைசியிலும், சிலவற்றில் லூக்கா 21:38க்குப் பின்னும் வருகிறது. இடம் மாறி மாறி வருவது, அது தனியாக வழங்கிவந்து பிறகு இடம் தேடிய பகுதி என்பதைக் காட்டுகிறது. "யாரோ எடுத்துவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டுகூடப் புதிதன்று: மனைவிமார் பாவம் செய்யத் துணிவார்களோ என்று பயந்து சிலர் இதை நீக்கிவிட்டார்கள் என்று 5ஆம் நூற்றாண்டிலேயே அகஸ்தீன் என்ற சபைப் பிதா எழுதினார். பிரதிச் சான்று அவர் பக்கம் இல்லை. ஆனாலும் இது கர்த்தருடைய வாழ்வில் உண்மையாக நடந்த சம்பவம் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர் உண்டு, நானும் அப்படியே நம்புகிறேன். இது நம்பிக்கை, நிரூபிக்கமுடியாது.

புதிய மொழிபெயர்ப்புகள் கிறிஸ்துவின் தேவத்துவத்தைக் குறைக்கவே வந்தவை என்று பட்டியல் போட்டுப் பரப்புகிறார்கள். பட்டியலின் கோளாறு, ஒரு பழைய அச்சுப் பதிப்பையே அளவுகோலாக வைத்துவிட்டு, அதிலிருந்து குறைவதை மட்டும் எண்ணுவது. கூடுவதை எண்ணுவதில்லை. யோவான் 1:18இல் நம் பழைய மொழிபெயர்ப்பு "ஒரேபேறான குமாரனே" என்கிறது. மிகப் பழைய பாப்பிரஸ்களும் சினாய், வத்திக்கான் பிரதிகளும் அந்த இடத்தில் அவரைத் 'தேவன்' என்றே அழைக்கின்றன. அப்போஸ்தலர் 16:7இல் பழைய பிரதிகள் 'இயேசுவின் ஆவியானவர்' என்கின்றன. 1 யோவான் 2:23இன் பின்பாதி, குமாரனை அறிக்கையிடுகிறவனைப் பற்றியது, பிற்காலப் பிரதிகள் பலவற்றில் விடுபட்டுப் பழையவற்றில் இருக்கிறது. யூதா 25இலும் இயேசு கிறிஸ்துவின் பெயர் பழைய பிரதிகளில் கூடுதலாக வருகிறது. எதிர்ப்பக்கத்தில் 1 தீமோத்தேயு 3:16ஐ மறைக்கக்கூடாது: "தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்" என்பது பழைய பிரதிகளில் "அவர்" என்றே இருக்கிறது. கிரேக்கப் பெரிய எழுத்தில், சுருக்கக் குறியோடு எழுதிய 'தேவன்' என்ற சொல்லுக்கும் அந்தப் பிரதிப்பெயர்ச் சொல்லுக்கும் ஓரிரு கோடுதான் வித்தியாசம். குறைவதும் கூடுவதும் சேர்த்துப் பார்த்தால் சதி எதுவும் தெரியவில்லை. கையால் எழுதி 1,400 வருடம் காத்த மனிதரின் கண்ணும் கையும்தான் தெரிகின்றன.

"ஒருவன் எடுத்துப்போட்டால்..." என்ற வெளிப்படுத்தல் 22:19ஐ அந்தத் தங்கையிடம் காட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 18ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். அங்கே முதலில் வருவது கூட்டுகிறவனுக்கான எச்சரிப்பு. மேலும் அந்த 19ஆம் வசனத்திலேயே ஒரு வேறுபாடு உண்டு. எராஸ்மஸிடம் இருந்த ஒரே வெளிப்படுத்தல் பிரதியில் கடைசி ஏடு இல்லை. கடைசி ஆறு வசனங்களை லத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்துக்கு மாற்றினார். அதனால்தான் நம் வேதாகமத்தில் 'ஜீவபுஸ்தகம்' என்று நிற்கிறது. கிரேக்கப் பிரதிகளில் இருப்பது 'ஜீவவிருட்சம்'. எச்சரிப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் இந்த வசனத்தை வைத்து ஒரு சகோதரியைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

குழுவை எப்படி நடத்துவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஆளுக்கொரு வசனம் சுற்றி வாசிப்பதில்தான் இந்தச் சிக்கல் வெடிக்கிறது. கையில் மூன்று மொழிபெயர்ப்பு இருந்தால் வாக்கியமும் உடையும், எண்ணும் தாவும். பகுதி முழுவதையும் ஒரே மொழிபெயர்ப்பிலிருந்து ஒருவர் வாசிக்கட்டும். பிறகு இன்னொருவர் வேறொன்றிலிருந்து முழுவதும் வாசிக்கட்டும். நடத்துகிறவர் முந்தின நாளே கால் மணி நேரம் ஒதுக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து பென்சிலால் வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டால் போதும். குறித்தவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். உபவாசம் என்பது நோன்பு ஆவது, பிசாசு என்பது பேய் ஆவது போன்றவை சொல் வேறுபாடு; பத்தில் ஒன்பது இந்த வகையாகவே இருக்கும், கடந்து போகலாம். 2 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் ஒன்றில் 14 வசனமாகவும் இன்னொன்றில் 13 ஆகவும் முடிவது வெறும் எண் வேறுபாடு. ஒரு சொல்லும் குறையவில்லை. மூன்றாவதுதான் பிரதி வேறுபாடு. அதை அடிக்குறிப்பு சொல்லிவிடும்: "சில பழைய பிரதிகளில் இவ்வசனம் இல்லை" என்றால் பிரதி வேறுபாடு, வெறுமனே "அல்லது" என்று தொடங்கினால் ஒரே கிரேக்கச் சொல்லை வேறுவிதமாகவும் மொழிபெயர்க்கலாம் என்று அர்த்தம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கைப்பேசியில் வாசிப்பவர்களுக்கு அடிக்குறிப்பு ஒரு சிறு குறியைத் தொட்டால்தான் திறக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

பிரதி வேறுபாடு வந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் அதில் செலவிட வேண்டாம். ஒத்த வசனத்தைத் திருப்பிக் காட்டி, இந்தப் போதனை வேறெங்கே உறுதியாக நிற்கிறது என்று கேளுங்கள். நின்றால் அங்கிருந்து போதியுங்கள். எங்கும் நிற்காவிட்டால் அதன்மேல் ஒரு வழக்கத்தையோ கட்டளையையோ கட்டாதீர்கள். ஐம்பது வருடமாக மத்தேயு 17:21ஐ மனப்பாடமாகச் சொல்லும் அம்மாவைக் கூட்டத்தில் திருத்த வேண்டாம். மாற்கு 9:29ஐ எடுத்து அவர் கையில் கொடுத்தால் போதும். அதேபோல், இந்த விஷயங்களைப் புதிதாகப் படித்துவிட்டு "வேதாகமத்தில் பிழை" என்று கிளம்பும் வாலிபனுக்கும் பொறுமையாகச் சொல்லுங்கள்: எங்கே சந்தேகம் என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டமுடிகிறது என்றால், மற்ற இடங்களில் சந்தேகம் இல்லை என்றும் சொல்லமுடிகிறது.

இனி உங்கள் உபவாசம். அது அந்த ஒரு வசனத்தின்மேல் நிற்கவேண்டிய அவசியமே இல்லை. மலைப்பிரசங்கத்தில் கர்த்தர் "நீங்கள் உபவாசிக்கும்போது" என்று தொடங்குகிறார் (மத்தேயு 6:16). மணவாளன் எடுபடும் நாட்களில் உபவாசிப்பார்கள் என்கிறார் (மத்தேயு 9:15). அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்தே பவுலையும் பர்னபாவையும் அனுப்பியது (அப்போஸ்தலர் 13:2-3). மூப்பர்களை ஏற்படுத்தியதும் அப்படியே (14:23). எஸ்றா 8:23, யோவேல் 2:12, ஏசாயா 58 எல்லாம் எந்தப் பிரதிச் சிக்கலும் இல்லாமல் நிற்கின்றன. வெள்ளிக்கிழமைக்கும் வேர் உண்டு: அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுந்த 'திதகே' என்ற சிறுநூல் புதனும் வெள்ளியும் உபவாசிக்கச் சொல்கிறது. ஒன்றை மட்டும் நீங்கள் விட்டுவிட வேண்டியிருக்கலாம்: இத்தனை வேளை பட்டினி இருந்தால் இந்த வகைப் பிசாசு போகும் என்ற கணக்கு. அப்படி நினைக்கும்போது, நோய் தீராத வீட்டாரிடம் "உங்கள் உபவாசம் போதவில்லை" என்று சொல்லத் தோன்றும். அது அவர்களை நொறுக்கிவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் உணவை விடவே கூடாது. அவர்கள் அந்த வேளையில் வேறு எதையாவது விட்டு ஜெபிக்கட்டும்.

அதே பகுதியில் இன்னொரு வேறுபாடு இருக்கிறது, 21ஐவிட அது உங்களுக்கு உதவும். எங்களால் ஏன் துரத்த முடியவில்லை என்ற சீஷருக்கு, மத்தேயு 17:20இல், நம் பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்கிறார். பழைய பிரதிகளில் இருப்பது 'குறைந்த விசுவாசம்' என்று பொருள்படும் சொல். 17ஆம் வசனத்தின் "விசுவாசமில்லாத" என்ற கடுஞ்சொல்லோடு பொருந்தட்டும் என்று யாரோ அதைக் கடுமையாக்கியிருக்கவேண்டும். விசுவாசமே இல்லை என்று அவர் அவர்களைத் தள்ளவில்லை. குறைவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் கடுகுவிதையளவு போதும் என்கிறார். மாற்குவில் அந்தப் பிள்ளையின் தகப்பன் "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறான் (9:24). 'கண்ணீரோடே' என்ற சொல் பழைய பிரதிகளில் இல்லை. அது இல்லாமலும் அவன் அழுவது கேட்கிறது. அவன் உபவாசித்தானா என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளை சுகமானான்.

வருகிற வெள்ளிக்கிழமை மாற்கு 9:14-29ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் ஒருவரே வாசிக்கட்டும். 24ஆம் வசனத்தில் சற்று நிறுத்தி, அவரவர் அந்த ஜெபத்தைத் தங்கள் வார்த்தையில் சொல்ல நேரம் கொடுங்கள். வாசிக்கும் பொறுப்பை அந்தத் தங்கைக்குக் கொடுங்கள், அவர் கையிலிருக்கும் புத்தகத்திலிருந்தே.